ஆட்டுக்குட்டி காணாமல் போவது நின்ற விதம் (என் அனுபவம்)

பினாங்கு, பாலிக் பூலாவில் தூண்மேல் நிற்கும் பலகைக் கொட்டகை. இரவில் குட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, ரத்தமில்லை, சத்தமில்லை. தெருநாய் என்று வேலியை உயர்த்தியும் பயனில்லை. நாய் புகுந்தால் பல ஆடுகள் கடிபட்டுக் கிடக்கும், ஒன்றை மட்டும் தடயமில்லாமல் கொண்டுபோகாது. பிறகு பாம்பாக இருக்குமோ என்று கந்தகத்தூள் தூவினோம். காசுக்குக் கேடு, பாம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

துப்புக் கொடுத்தது உத்தரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு போன்ற வெள்ளை எச்சம். மலைப்பாம்பு! எல்லாரும் தரையைத்தான் பார்ப்பார்கள். இது ரம்புத்தான் கிளைவழியாகத் தகரக் கூரைக்கு வந்து, காற்றுக்காகச் சுவர்மேல் விட்ட சந்தில் இறங்கியிருக்கிறது.

கிளைகளைக் கூரையிலிருந்து 2 மீட்டர் தள்ளி வெட்டினோம். சந்து முழுக்க 12 மி.மீ. கண்ணுள்ள வெல்டிங் வலை. கோழிவலை வேண்டாம், முட்டினால் விரியும். ஸ்டேப்பிள் ஆணியும் கழன்றுவிடும். அகல வாஷர் போட்டு 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, வலைகள் சேருமிடத்தில் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று. தீவனம் மூடிபோட்ட டிரம்முக்குப் போனது, எலி இருக்குமிடத்துக்குப் பாம்பு தேடி வரும். அப்பாடா, அதன்பின் ஒரு குட்டியும் குறையவில்லை.

பாம்பு உள்ளேயே இருந்தால் அடிக்காதீர்கள், சட்டம் பாதுகாக்கும் உயிரினம். 999-க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள்.