வேலூர்ல இருந்துக்கினே ஆந்த்ரோபாலஜி பேப்பருக்கு ரெடி ஆகுறது எப்படி

அமெரிக்கா போய் கம்யூனிட்டி காலேஜ்ல சேரப்போற நம்ம வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து பசங்களுக்காக இதை எழுதுறேன். அங்க கம்ப்யூட்டரோ நர்ஸிங்கோ எதுக்கு சேர்ந்தாலும் ஜெனரல் எஜுகேஷன்னு சில பேப்பர் எடுக்கணும், அந்த லிஸ்ட்ல ஆந்த்ரோபாலஜி, அதாவது மானிடவியல், பெரும்பாலும் இருக்கும். கடமைக்கு எடுத்து டெஃபனிஷனை உருப்போட்டு பாஸ் பண்ணிட்டு மறந்துடுறாங்க, அதைப் பார்த்தா எனக்கு மனசே ஆறல, ஏன்னா இந்த சப்ஜெக்ட்டுக்கு வேண்டிய சரக்கு பாதி நம்ம வீட்லயும் தெருவுலயும்தான் இருக்குது.

மொதல்ல புக்கு. ப்ரொஃபசர் சொல்றதுக்கு முன்னாடி காசு போட்டு எதுவும் வாங்காதீங்க. கம்யூனிட்டி காலேஜ்ல மானிடவியல் நடத்துற வாத்தியாருங்க சங்கம் சேர்ந்து போட்ட புக்கு நெட்ல ஃப்ரீயாவே இருக்குது, கலாச்சாரப் பகுதிக்கு ‘பெர்ஸ்பெக்டிவ்ஸ்’, உடல், பரிணாமம் பகுதிக்கு ‘எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்’. இந்த ரெண்டோட தொல்லியல், மொழின்னு இன்னும் ரெண்டு சேர்த்து மொத்தம் நாலு கிளை. பல காலேஜ்ல கல்ச்சுரலும் ஃபிசிக்கலும் தனித்தனி பேப்பர், அதனால பேர் பதியும்போது எதுல சேர்றோம்னு நல்லா பார்த்துக்குங்க.

எல்லாரும் பயப்படுற பாடம் உறவுமுறை, கின்ஷிப். முக்கோணம்னா ஆண், வட்டம்னா பெண், நடுவுல ரெண்டு கோடு போட்டா கல்யாணம், கீழ இறங்குற கோடு புள்ளைங்க. ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி ஆயாவையோ பாட்டியையோ பக்கத்துல உக்கார வெச்சு உங்க குடும்பத்தை வரைஞ்சு, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நீங்க அவங்களை என்னன்னு கூப்பிடுறீங்கன்னு எழுதுங்க. பெரியப்பா பசங்க, சித்தி பசங்க எல்லாம் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, ஆனா அத்தை பசங்களும் மாமா பசங்களும் முறை. இங்கிலீஷ்ல இவங்க அத்தனை பேரும் வெறும் கசின். மார்கன்னு ஒரு அமெரிக்கர் 1871-ல உறவுமுறை பத்தி வெளியிட்ட பெரிய ஆய்வுல நம்ம தமிழ் முறையும் அமெரிக்கப் பூர்வகுடியான இரக்வாய் மக்களோட முறையும் எவ்ளோ கிட்டத்துல வருதுன்னு காட்டினாரு, இன்னைக்கும் பாடத்துல திராவிட முறைன்னு தனியாவே வரும். அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசுற ஃப்ரெண்டு இருந்தா அவங்க வீட்டு சார்ட்டும் ஒண்ணு போடுங்க, சித்தப்பாவுக்கு சாச்சா, தாய்மாமனுக்கு மாமூ, அம்மாவோட அக்கா தங்கச்சிக்கு காலா, அத்தைக்கு ஃபுஃபின்னு ஒவ்வொருத்தருக்கும் தனிப்பேர், அவங்க புள்ளைங்களையும் அந்தந்தப் பேரை வெச்சே பிரிச்சு சொல்லுவாங்க. பாலாத்தங்கரையிலயே ரெண்டு முறை கிடைச்சாச்சு, இங்கிலீஷோட சேர்த்தா மூணு. அந்த மூணு சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா அந்த சாப்டர் முடிஞ்ச மாதிரிதான்.

அடுத்தது மொய் நோட்டு, பரிசு குடுத்து வாங்குறதைப் பத்தின பாடத்துக்கு இதுதான் சரக்கு. மலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல் ஆய்வாளர் 1915-ல இருந்து 1918 வரைக்கும் விட்டு விட்டு பப்புவா நியூ கினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுல மக்களோட மக்களா தங்கி, தீவுக்குத் தீவு பரிசு கைமாறிக்கினே போற கூலான்னு ஒரு சுத்தைப் பத்தி எழுதினாரு, சிவப்பு கிளிஞ்சல் மாலை ஒரு பக்கமா சுத்தும், வெள்ளைக் காப்பு எதிர்ப்பக்கமா சுத்தும், யாரும் அதை நிரந்தரமா வெச்சுக்கக் கூடாது. மார்செல் மோஸ்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் 1925-ல இதையெல்லாம் வெச்சு, குடுக்கணும், வாங்கிக்கணும், திருப்பி செய்யணும், இந்த மூணு கடமையும்தான் பரிசுல இருக்குதுன்னு சொன்னாரு. இதைப் படிச்ச கையோட வீட்ல இருக்கிற மொய் நோட்டை எடுத்து, யார் எவ்ளோ வெச்சாங்க, நம்ம அவங்க வீட்டு காதுகுத்துக்கு எவ்ளோ செஞ்சோம், தாய்மாமன் சீர் மட்டும் ஏன் தனிக் கணக்குன்னு அம்மா அப்பாகிட்ட கேளுங்க. உங்க அசைன்மெண்டுக்கு இதைவிட நல்ல டாபிக் எனக்குத் தெரியல.

களக்குறிப்பு எழுதுற பழக்கம் இப்பவே வரணும். மாசியில பாலாத்துல மயானக்கொள்ளை நடக்கும், வைகாசியில குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, ரெண்டுல ஒண்ணுக்குப் போங்க. நோட்டுல இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் தோணினது. “பக்தியோட ஆடினாங்க”ன்னு எழுதினா அது உங்க முடிவு. “கண்ணை மூடிக்கினு ஆடினாங்க, கையில வேப்பிலை, ரெண்டு பேர் இடுப்பைப் புடிச்சிக்கினு இருந்தாங்க”ன்னு எழுதினாதான் அது குறிப்பு. அன்னைக்கு ராத்திரியே எழுதிடணும், மறுநாள்னா பாதி போயிடும். மொழிப் பகுதிக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கிற தெருவுங்க போதும், வங்காளத்துல இருந்து வர்றவங்களுக்காக போர்டுல பெங்காலி எழுத்து, கடைக்காரர் எந்த வார்த்தைக்கு எந்த மொழிக்கு மாறுறாருன்னு கவனிங்க. ஆனா அங்க இருக்கிறவங்க வைத்தியத்துக்கு வந்தவங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க, பேர் எழுதாதீங்க, இந்த விஷயத்துல விட்டுக்குடுக்கவே கூடாது.

தொல்லியலுக்கு கோட்டைக்குள்ள இருக்கிற அரசு மியூசியத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில புதிய கற்காலமும் அதுக்கப்புறம் பெருங்கற்காலமும் தோண்டி எடுத்திருக்காங்க. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துல கிடைச்ச கல் கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல கணிச்சாங்க. எத்தியோப்பியாவுல 1974-ல கிடைச்ச லூசிங்கிற ஆதி மனித இனத்து எலும்புக்கு சுமார் 32 லட்சம். இப்படி சுவத்துல ஒரு காலக்கோடு ஒட்டிட்டீங்கன்னா ஃபிசிக்கல் பேப்பர்ல வர்ற பேருங்க குழம்பாது.

ஒண்ணு மனசுல வெச்சுக்குங்க, க்ளாஸ்ல ஜாதி பத்தி பேச்சு வந்தா எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. மொத்த இந்தியாவுக்கும் நீங்க பேச வேண்டாம், உங்க தெருவுல யார் எங்க குடியிருக்காங்க, கோயில் கூழ் யார் வீட்ல இருந்து வருது, யார் வீட்ல இருந்து வாங்கமாட்டாங்கன்னு கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க, மறைக்காம சொல்லுங்க. கல்ச்சுரல் ரிலேடிவிசம்னு ஒரு பாடம் வரும், ஒரு வழக்கத்தை அந்த மக்களோட இடத்துல இருந்து புரிஞ்சிக்கணும்னு அர்த்தம், நடக்கிறதெல்லாம் சரின்னு ஒத்துக்கறது இல்ல. பரீட்சையிலயும் அதே மாதிரிதான், டெர்ம் ஒண்ணு, அதுக்கு புக்குல இருந்து ஒரு உதாரணம், உங்க நோட்டுல இருந்து ஒண்ணு, இந்த மூணும் இருந்தா அரைப் பக்கத்துலயே பதில் முடிஞ்சிடும்.