எல்லையோர ஊரின் நிவாரணச் சங்க வரலாற்றை எழுதுவது எப்படி?

மூணாறு, தேவிகுளம், கொழிஞ்சாம்பாறை போன்ற கேரளத் தமிழ் ஊர்களில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மக்களுக்குத் தோள்கொடுத்த சங்கமொன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர், ஆண்டுவிழா மலர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும். எந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எத்தனை கிலோ அரிசி, எத்தனை போர்வை போயிற்று என்னும் பட்டியலும், அதற்கெதிரே உள்ள கையெழுத்தும் கைநாட்டும் எந்தப் பாராட்டுரையையும்விட நம்பத்தக்கவை. ரசீதுக் கட்டை, மினிட்ஸ் புத்தகம், லாரி வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் பிரித்தெடுக்காமல், இருந்த வரிசையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முதியோரிடம் பேசுங்கள். 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று அவர்கள் குறிப்பிடுவது மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099-இன் கர்க்கடக (ஆடி) மாதத்தில், அதாவது 1924 ஜூலையில், மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையும் அழித்த பெருவெள்ளத்தை. கொல்லம் ஆண்டுடன், அதன் முதல் மாதமான சிங்கம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன், 1949-க்கு முன்பு உங்கள் ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள், ஏனெனில் இதில்தான் பலருடைய தேடல் திசை மாறிப்போகிறது. மூணாறு திருவிதாங்கூரைச் சேர்ந்தது, ஆகவே திருவனந்தபுரம். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டாரம் கொச்சியைச் சேர்ந்தது, ஆகவே எர்ணாகுளம். பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம் என்பதால் கோழிக்கோட்டிலும் சென்னை எழும்பூரிலும் தேட வேண்டும். சங்கத்தின் பதிவும் இதைப் பொறுத்தே அமையும்: பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், மலபாருக்கு 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம்.

உங்கள் சங்கம் செஞ்சிலுவையின் கிளையாக இருந்தால், 1863-இல் ஜெனிவாவில் தொடங்கிய இயக்கத்தையும், 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தையும் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுங்கள். தாய்ச் சங்கத்தின் பெருமை உள்ளூர்க் கிளையின் உழைப்பை மறைத்துவிடக் கூடாது.

யார் எதைச் செய்தார்கள் என்பதைப் பிரித்தெழுதுவதே இந்த வேலையில் மிகக் கடினமானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் புதைந்து, பெரும்பாலும் தமிழர்களான 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் செய்தி வெளியே எட்டவே நேரமாயிற்று. பின்னர் தேசியப் பேரிடர் மீட்புப் படை நாள்கணக்கில் தேடியது. இத்தகைய நிகழ்வில் அரசுப் படை, தோட்ட நிர்வாகம், அண்டை லயத்தார், உங்கள் சங்கம் ஆகியோர் வந்த நேரத்தைத் தனித்தனியே குறியுங்கள். பிறர் செய்ததைச் சங்கத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உறவினரை இழந்தவர்களிடம் ஒப்புதல் பெறாமல் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. உதவி பெற்ற குடும்பங்களின் பட்டியலை அச்சேற்ற வேண்டாம். மொத்த எண்ணிக்கையே போதும். கையெழுத்துப் படியை அச்சுக்கு அனுப்புமுன், பேட்டி கொடுத்தவர்களைக் கூட்டி வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைத் தேதியுடன் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.