நரியின் பசியும் குடியானவரின் பசியும்: இடைக்கால விலங்குக் கதைகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் வந்துவிட்டது. வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று, வாங்கக் காசும் இல்லை. பசி தாங்காமல் ரெனார் என்ற நரி சாலைக்கு வந்து, மீன் வியாபாரிகளின் வண்டி வருவதைப் பார்த்ததும் செத்ததுபோலப் படுத்துக்கொள்கிறது. தோலுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அவர்கள் அதைத் தூக்கி வண்டியில் போடுகிறார்கள். உள்ளே ஹெர்ரிங் மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டு, விலாங்குகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நரி குதித்து ஓடுகிறது.

சுமார் 1170 முதல் 1250 வரை பலர் பிரெஞ்சு மொழியில் எழுதிச் சேர்த்த ரெனார் கதைகளில் புகழ்பெற்ற காட்சி இது. இதைக் காட்டி, ‘இடைக்கால ஏழை விவசாயி இப்படித்தான் பட்டினி கிடந்தான், நரியின் வாயால் தன் கதையைச் சொன்னான்’ என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பசி உண்மைதான். யாருடைய பசி, எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் சறுக்கிவிடும்.

நரியைக் குடியானவனாக நினைப்பதில்தான் முதல் சறுக்கல். ரெனாருக்கு மோபெர்த்துயி என்று ஒரு கோட்டையே இருக்கிறது. சிங்க ராஜாவின் சபையில் அவன் ஒரு பிரபு. அவனிடம் ஏமாந்துகொண்டே இருக்கும் ஓநாய் இசங்ரேனும் பெரிய பதவிக்காரன்தான். குடியானவர்கள் இந்தக் கதைகளில் மனிதர்களாகவே வருகிறார்கள், தடியோடும் நாய்களோடும். சாந்தக்ளேர் என்ற சேவல் வாழும் முற்றம் கோன்ஸ்தான் தே நோ என்ற வசதியான குடியானவனுடையது. கோழி, உப்புக்கண்டம், தானியம் என்று அவன் வீடு நிறைந்திருக்கிறது. வேலி தாண்டி உள்ளே புகுவது நரி. அந்த வீட்டுக்காரனைக் கேட்டால், பற்றாக்குறையைக் கொண்டுவருவதே நரிதான் என்பான்.

லியெத்தார் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவன் எட்டு மாடுகளை வைத்து உழுகிற பெரிய குடியானவன். சோர்ந்துபோன மாட்டின் மேல் எரிச்சலில், ‘உன்னைக் கரடி கொண்டுபோக’ என்று திட்டிவிடுகிறான். அது காதில் விழுந்த கரடி உடனே வந்து மாட்டைக் கேட்கிறது. ரெனார் யோசனை சொல்ல, லியெத்தார் கரடியைக் கொன்றுவிடுகிறான். கொன்ற பிறகுதான் பயம் வருகிறது. காட்டு விலங்கு பிரபுவுக்குச் சொந்தம். எனவே இறைச்சியை யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து உப்பில் போடுகிறார்கள். பேசியபடி கோழி தரவில்லை என்றதும், பிரபுவிடம் சொல்லிவிடுவேன் என்று நரி மிரட்டுகிறது. எனக்கு இந்தக் கதைகளிலேயே மிகவும் பயனுள்ள இடம் இதுதான். காட்டில் இறைச்சி நடமாடுகிறது, தொட்டால் தண்டனை. எட்டு மாடு வைத்திருப்பவனே ஒளித்துச் சமைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தியைச் சுமப்பது நரியின் வயிறு அல்ல, கதையின் பின்னணியில் போகிறபோக்கில் வரும் விவரம்.

இந்தக் கதையை எழுதியவர், முன்னுரையின்படி, ஒரு பாதிரியார். இங்கேதான் அடுத்த தவறு: ‘நாட்டுப்புற மக்களின் குரல்’ என்று முத்திரை குத்துவது. ரெனார் கதைகளுக்கு முன்னோடியான, ஓநாயை நாயகனாக வைத்த ‘இசங்ரிமுஸ்’ 12ஆம் நூற்றாண்டின் நடுவில் லத்தீனில் எழுதப்பட்டது. லத்தீன் தெரிந்த குடியானவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாய்வழிக் கதைகளும் இவற்றுக்குள் கலந்திருக்கலாம். ஆனால் நம் கையில் இருப்பது படித்தவர் எழுதி, படித்தவரும் பிரபுக்களும் கேட்டு ரசித்த வடிவம்.

அதனால் கதை ஏழையின் பக்கம் நிற்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிய கதை நமக்குத் தெரியும். ரெனார் கதைகளில் வெயிலில் காய வைத்த பாலாடைக்கட்டிகளில் ஒன்றைத் தியெஸ்லேன் என்ற காகம் தூக்கிப் போகிறது. அங்கேயும் ஒரு கிழவி, கத்திக்கொண்டு கல்லெறிகிறாள். நன்றாகக் காவல் காத்திருக்க வேண்டியதுதானே என்று காகம் அவளையே நக்கல் செய்கிறது. அந்தப் பாலாடைக்கட்டி போனால் அவள் வீட்டில் என்ன குறையும் என்ற கவலை கவிஞருக்கு இல்லை. சிரிப்புதான் அவர் குறி.

காலக் கணக்கு தப்புவதும் சகஜம். வட ஐரோப்பாவின் பெரும் பஞ்சம் 1315இல் ஓயாத மழையோடு தொடங்கியது. 1316இலும் விளைச்சல் பொய்த்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஈப்ர நகரத்தில் மட்டும் அந்த ஆண்டு மே முதல் அக்டோபர் வரை சுமார் 2,800 பேர் இறந்தார்கள், ஊரில் பத்தில் ஒருவர். ரெனார் கதைகளில் கடைசியாக எழுதப்பட்டவையே இதற்கு அறுபது, எழுபது ஆண்டுகள் முந்தியவை. பஞ்சத்தை அவற்றில் தேடக் கூடாது. ஆண்டுதோறும் வரும் சாதாரண நெருக்கடியை மட்டும் தேடலாம். ஓநாய் குளத்து நீருக்குள் வாலை விட்டு மீன் பிடிக்கப்போய், வால் பனியில் உறைந்துபோகும் கதை எப்போது நடக்கிறது தெரியுமா? கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், பன்றி இறைச்சியை உப்பில் போடும் நாட்களில். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாது என்பதால் அப்போதே அறுத்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்கள். ஒரு படி விதைத்தால் மூன்று, நான்கு படிதான் வீடு வரும். அதிலும் ஒரு படி மறுபடி விதைக்குப் போய்விடும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத கோடைத் தொடக்கம்தான் மிகவும் கொடுமையான காலம். உப்புக்கும் ஒரு கதை உண்டு: 1315இல் தொடங்கிய மழை உப்பு உற்பத்தியையும் கெடுத்து விலையை ஏற்றிவிட்டது. கண்டம் போடவும் வழியில்லாமல் போனது.

அப்புறம், பழைய சரக்கைப் புதிய சாட்சியாக எடுத்துக்கொள்வது. இந்தக் கதைகளில் பல ரோமானியக் காலத்திலிருந்து வந்தவை. ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்றது என்பதிலிருந்து 12ஆம் நூற்றாண்டைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கதை கைமாறும்போது எது மாறியது என்று பாருங்கள். ஃபீட்ரஸ் எழுதிய பழைய லத்தீன் கதையில், ஆடு தனக்கு ரொட்டி தர வேண்டும் என்று நாய் பொய் வழக்குப் போடுகிறது. ஓநாய் பொய்ச் சாட்சி சொல்கிறது. இல்லாத கடனை ஆடு கட்டுகிறது. சில நாளில் ஓநாய் குழியில் விழுந்து கிடப்பதை ஆடு பார்க்கிறது, தெய்வம் தண்டித்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரி தெ ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் இதே கதையைச் சொல்லும்போது சாட்சிகள் இருவர் ஆகிறார்கள், பருந்தும் சேர்ந்துகொள்கிறது. கடனைக் கட்ட ஆடு தன் கம்பளியை விற்கிறது. அது குளிர்காலம். ஆடு விறைத்துச் செத்துப்போகிறது, வழக்குப் போட்ட நாயும் சாட்சிகளும் வந்து பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தெய்வத் தண்டனையைக் காணோம். ஏழையின் பட்டினிக்கு மழையைவிட வழக்குமன்றம் காரணமாக இருக்கலாம் என்பது இந்த மாற்றத்தில் தெரிகிறது. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையிலும் அவர் விரல் நீட்டுவது பிரபுக்களையும் நீதிபதிகளையும் நோக்கித்தான்.

கதையில் விலங்கு தின்பதையெல்லாம் ஊர்ச் சாப்பாடு என்று பட்டியல் போடுவதும் வேண்டாம். விலாங்கும் கொழுத்த கோழியும் ஆசைப்பட்ட உணவு. அன்றாடம் என்ன தின்றார்கள் என்பதற்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய சேவல், நரி கதை உதவும். அதில் சேவலை வளர்ப்பவள் ஏழை விதவை. மூன்று பன்றி, மூன்று மாடு, ஒரு செம்மறி அவள் சொத்து. பாலும் பழுப்பு ரொட்டியும், கொஞ்சம் பன்றி இறைச்சியும், எப்போதாவது ஒன்றிரண்டு முட்டையும்தான் சாப்பாடு. அளவாகச் சாப்பிடுவதே அவளுக்கு மருந்து என்று சாசர் மெச்சுகிறார், கொஞ்சம் கேலியோடு. அதே நூற்றாண்டில் லாங்லாண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற கவிதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதில் உழவனே பேசுகிறான்: கோழி வாங்கக் காசில்லை, உப்புக்கண்டம் இல்லை, இரண்டு புதுப் பாலாடைக்கட்டியும் ஓட்ஸ் அடையும், பிள்ளைகளுக்கு அவரையும் தவிடும் கலந்த ரொட்டியும் இருக்கின்றன, ஆகஸ்ட் அறுவடை வரை இதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும் என்கிறான்.