எல்லைப்புற மாணவர் உள்ளக வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்களில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு வளர்ந்த மாணவர்களில் பலர், இன்று இன்டீரியர் டிசைன் எனப்படும் உள்ளக வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பை நாடுகிறார்கள். கிழக்கே கோவையும் மேற்கே திருச்சூரும் கொச்சியும் எட்டும் தொலைவில் இருப்பதால் தேர்வு எளிதென்று தோன்றும். ஆனால் ஒரே பாடம் பல பட்டங்களின் பெயரில் கற்பிக்கப்படுவதாலும், இரண்டு மாநிலங்களின் விதிகளும் இவர்களைத் தொடுவதாலும், எல்லைப்புற மாணவர் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன் எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள். அதைப் பெரும்பாலும் உங்கள் இளநிலைப் பட்டமே தீர்மானித்துவிடுகிறது. ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். முடித்தவர்தான் அதன் முதுநிலையான எம்.ஆர்க். படிப்பில் சேர முடியும். அதில் உள்ளகக் கட்டடக்கலையைச் சிறப்புப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. வடிவமைப்பில் முதுநிலைப் பட்டமான எம்.டெஸ். படிப்பின் வாசல் அதைவிட அகலமானது. பொறியியல், நுண்கலை, வடிவமைப்பு எனப் பல துறைகளிலிருந்தும் மாணவர்களைச் சேர்க்கிறார்கள். மனையியல் துறையிலிருந்து வளர்ந்த எம்.எஸ்ஸி. படிப்பு மூன்றாவது வழி. கோவை அவினாசிலிங்கம் போன்ற, மனையியலில் நீண்ட மரபுள்ள மகளிர் நிறுவனங்களில் இவ்வழி வலுவானது. கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்கு இதில் ஒரு தனி நன்மை இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் உள்ளக வடிவமைப்பு என்று தனிப் பாடம் இல்லை. ஆனால் மனையியல் பாடத்திட்டத்தில் வீட்டமைப்பும் உள்ளக வடிவமைப்பும் ஓர் அலகாகவே இடம்பெற்றுள்ளன. ஓராண்டு முதுநிலைப் பட்டயம், ஏற்கெனவே இத்தொழிலில் இருப்பவர் தம் அறிவைக் கூர்மையாக்கிக்கொள்ள உதவும். வணிகவியலோ இலக்கியமோ படித்துவிட்டுப் புதிதாக இத்துறைக்கு வருபவருக்கு அது போதாது என்பதே என் கருத்து. வரைபடம் படிக்கவும் வரையவும் கை பழகுவதற்குள்ளாகவே அந்த ஓராண்டு முடிந்துவிடும்.

உள்ளக வடிவமைப்பில் எந்த முதுநிலைப் பட்டம் பெற்றாலும் அதனால் ஒருவர் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே அப்பெயரைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். சேர்க்கை அலுவலகத்தில் இதற்கு மாறாக எவரேனும் உறுதி கூறினால், அந்த நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

அடுத்தது அங்கீகாரம். பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டப்படி அவ்வதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்குமே உண்டு. எனவே பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு, அப்பெயர் யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு தன் தளத்தில் வெளியிடுகிறது. பெருநகரங்களில் அழகான முகப்புடன் இயங்கும் பயிற்சி நிறுவனங்கள் சில, தொலைவிலுள்ள வேறொரு மாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத் தருவதாகச் சொல்வதுண்டு. ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே கல்வி மையங்களைத் தன் விருப்பப்படி நடத்த முடியாது என்பதால், இத்தகைய இடங்களில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். உள்ளக வடிவமைப்புப் படிப்பின் உயிர் அதன் ஸ்டுடியோவில் இருக்கிறது. மாணவர் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, வாரந்தோறும் ஆசிரியரிடம் காட்டி, திருத்தி, மீண்டும் வரைந்து, பருவ முடிவில் வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர்கள் முன் அதை விளக்கி நிற்கும் அந்த நீண்ட உழைப்பில்தான் கல்வி நடக்கிறது. ஆகவே கல்லூரியை நேரில் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தையும் கணினிக் கூடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் இறுதித் திட்டங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒளிப்படம் போல் மின்னும் முப்பரிமாணப் படங்கள் மட்டும் இருந்தால், அங்கே மென்பொருள் கற்பிக்கப்படுகிறது என்றே பொருள். மென்பொருளை வீட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். ஆசாரி கையில் கொடுத்தால் அவர் அப்படியே செய்யக்கூடிய அளவுக்கு விவரமான ஒர்க்கிங் டிராயிங், அலமாரியின் குறுக்குவெட்டு, மின்விளக்கும் சுவிட்சும் வரும் இடங்கள், பொருள்களின் அளவும் விலையும் அடங்கிய எஸ்டிமேட், இவை மாணவர் திட்டங்களில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஆய்வேடுகளையும் புரட்டிப் பாருங்கள். தலைப்புகள் ஆண்டுக்காண்டு ஒரே மாதிரி இருந்தால், வழிகாட்டும் ஆசிரியர்களின் ஈடுபாடு குறைவு என்று கொள்ளலாம்.

பொருள்களைப் பற்றிய அறிவு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பது நம் பகுதிக்குக் குறிப்பாக வேண்டிய கேள்வி. பாலக்காட்டுக் கணவாயில் கோடை வெயில் கடுமையானது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறி, மரக்கதவுகள் நிலையில் இறுகுகின்றன, தரம் குறைந்த பிளைவுட் ஓரங்களில் ஊதுகிறது. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303 தரத்துக்கும், மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் சமையலறை அலமாரி வரைபவர், முதல் மழைக்காலத்திலேயே வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழப்பார். பிளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று பலகை உருவாவதைக் காட்டும் கல்லூரி மதிப்புக்குரியது. கல்லூரிக்குள்ளேயே மரவேலைப் பட்டறை இருந்து, அதில் மாணவர்கள் உண்மையாகவே வேலை செய்தால் இன்னும் நல்லது. தரையில் மரத்தூள் கிடக்கிறதா, கருவிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அதிலும் தீப்பாதுகாப்புப் பகுதி, இடம்பெற்றிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016இல்தான் வந்தது. சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய முடியாத வங்கிக் கிளையையோ மருத்துவமனையையோ வடிவமைப்பது இனி ஏற்கத்தக்கதன்று என்பதை மாணவர் முதல் பருவத்திலேயே உணர வேண்டும். ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் தொழில் செய்கிறார்கள், இந்திய உள்ளக வடிவமைப்பாளர் நிறுவனத்தின் கிளையோடு கல்லூரிக்குத் தொடர்பு உண்டா என்றும் கேளுங்கள். 1972இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் கூட்டங்களில்தான் பல மாணவர்களுக்கு முதல் வேலைக்கான அறிமுகம் கிடைக்கிறது.

நுழைவுத் தேர்வுகளைப் பொறுத்தவரை, பலர் ஓராண்டை வீணாக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் சீட் (CEED) தேர்வு, ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யிலும் எம்.டெஸ். சேர்க்கைக்கானது, அங்குள்ள படிப்புகள் பெரும்பாலும் தொழில்துறைப் பொருள் வடிவமைப்பு, காட்சித் தொடர்பு, ஊடாட்ட வடிவமைப்பு ஆகியவை. உள்ளக வடிவமைப்பையே விரும்புபவர் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அறைகலன் மற்றும் உள்ளக வடிவமைப்புப் பிரிவையும், அதே நகரிலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தையும் பார்க்க வேண்டும். முன்னதற்கு டாட் (DAT) எனப்படும் தேர்வு முதற்கட்டம், முதன்மைக் கட்டம் என இரண்டு நிலைகளில் நடைபெறுகிறது. சீட் ஜனவரியில் நடப்பது; அதன் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். இவற்றுக்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே தொடங்கிவிடுவதால், இறுதியாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர் பிந்திவிடுகிறார்.

எல்லைப்புறத்தார் கவனிக்க வேண்டிய சான்றிதழ் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள். தாய்மொழி தமிழ் என்பதோ, சித்தூர் வட்டாரத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தது என்பதோ அதற்கு ஈடாகாது. கேரளத்தில் குடியிருப்பவர் தமிழ்நாட்டுச் சேர்க்கையில் பிற மாநிலத்தவராகவே கருதப்படுவார். சாதிப் பட்டியலும் அவ்வாறே. ஒரே சமூகம் தமிழ்நாட்டில் ஒரு பிரிவிலும் கேரளத்தில் வேறொரு பிரிவிலும் இருக்கலாம். ஒரு மாநிலப் பட்டியலில் இருந்து மற்றதில் இல்லாமலும் போகலாம். மத்திய நிறுவனங்கள் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் மாநிலத்துக்குரிய பகுதியையே பார்க்கும் என்பதால், தாலுகா அலுவலகத்தில் மத்திய அரசு வடிவத்திலான சான்றிதழைக் கேட்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலை படித்துவிட்டுக் கோழிக்கோடு பல்கலைக்கழகக் கல்லூரியில் முதுநிலை சேர்பவர், தகுதிச் சான்றும் இடப்பெயர்வுச் சான்றும் பெற வேண்டியிருக்கும். மறுதிசையில் செல்பவருக்கும் இதே நடைமுறைதான். கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் எனப்படும் கல்வி உதவித்தொகையை நம்பியிருப்பவர், வெளிமாநிலக் கல்லூரிக்கு அது செல்லுபடியாகுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்க்கையின்போது தேர்வாளர்களிடம் காட்டும் உங்கள் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்கு வெளியூர்க் கட்டடங்களின் படங்களைப் பார்த்து வரைய வேண்டியதில்லை. கல்பாத்தி அக்ரகாரத்தில் இருபுறமும் சுவரைப் பகிர்ந்துகொண்டு நீளவாக்கில் உள்ளே செல்லும் ஒரு வீட்டை, உரிமையாளரின் அனுமதியுடன் நாடாவால் அளந்து, தரைப்படமும் குறுக்குவெட்டும் வரைந்து, வெளிச்சம் எந்த நேரத்தில் எதுவரை வருகிறது என்று குறித்து வையுங்கள். வேலந்தாவளத்துக் காய்கறிச் சந்தையில் சுமைதூக்குபவர் நடக்கும் வழிகளை வரையலாம்; ஊர் நூலகத்தின் வாசிப்பறையை மாற்றியமைக்கும் யோசனையைக் கையால் வரைந்து சேர்க்கலாம். தேர்வாளர்கள் பார்ப்பது உங்கள் கவனத்தை. முடிந்த படத்தோடு, அதற்கு முன் வரைந்து கைவிட்ட படங்களையும் வைப்பது நல்லது.

செலவைக் கணக்கிடும்போது ஆண்டுக் கட்டணத்துடன் மடிக்கணினி, மாதிரிகள் செய்யும் பொருள்கள், அச்சுச் செலவு, கல்விப் பயணங்கள், விடுதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்துறையில் அந்தச் சில்லறைச் செலவுகள் பெரிதாகவே வளரும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். வேலைவாய்ப்பு விவரம் கேட்டால் மிக உயர்ந்த சம்பளத்தை மட்டும் சொல்வார்கள். சென்ற ஆண்டு முடித்த மாணவர்களில் நான்கைந்து பேரின் தொடர்பு வாங்கி, முதல் ஆண்டில் கைக்கு வந்தது எவ்வளவு, என்ன வேலை செய்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இடம் கிடைத்ததும் முன்பணம் கட்டும்படி அவசரப்படுத்துவார்கள். அதற்குள் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர், சேர்க்கையின் இறுதி நாள், கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதி ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, விலகும் மாணவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை அந்த இறுதி நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. நாள் செல்லச் செல்ல அது குறையும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்த உடனே திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. ஆகவே சரிபார்ப்பு முடிந்ததும் அவற்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.