பிக்கப்பில் ஹீட்டர் சுடவில்லையா? மதுரையிலிருந்து சஸ்கட்டூன் வருகிறவர்களுக்கு

லீவுக்குத் திருமங்கலம் வந்திருக்கிறேன். அக்கா மகன் அடுத்த வாரம் கனடாவில் இருக்கிற சஸ்கட்டூன் கிளம்புகிறான். "அங்க போய் பழைய பிக்கப் ஒண்ணு வாங்கணும் மாமா, முதல்ல எதைப் பார்க்கணும்?" என்று கேட்டான். ஹீட்டரை என்றேன். சிரித்துவிட்டான். மதுரைப் பக்கம் வண்டி ஓட்டுகிற யார் அந்த நாபைச் சிவப்புப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள்?

ஆனால் ஒரு தடவை அவனே பார்த்திருக்கிறான். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது எங்கள் பழைய ஜீப்பில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. டிரைவர் அண்ணன் ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஃபேனையும் கூட்டி வைத்தார். உள்ளே அனல் தாங்கவில்லை, எல்லாரும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தோம். முள் மட்டும் மெல்ல இறங்கியது. ஹீட்டர் என்பது தனி அடுப்பு இல்லை. என்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றிவருகிற திரவம்தான் கூலண்ட். அது என்ஜினின் சூட்டைச் சுமந்துகொண்டு வந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் விடுகிறது. அதற்குப் பெயர் ஹீட்டர் கோர். ஃபேன் அதன் மேல் காற்றை அடிக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. சூடு வரவில்லை என்றால் இந்தப் பாதையில் எங்கோ தடை.

காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது கூலண்ட் டப்பாவைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் பல வண்டிகளில் என்ஜின் கொதிப்பதற்கு முன்பே ஹீட்டர்தான் சோர்ந்துபோகும். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடுகிற சத்தம் கேட்டால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் பீறிட்டு அடிக்கும். அப்புறம், நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: சித்திரை வெயிலில் வண்டி கொதித்தால் கையில் இருக்கிற பாட்டில் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. அங்கே மைனஸ் முப்பது சாதாரணம். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜின் பிளாக்கே வெடிக்கும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலந்தே விற்கிற கேனை வாங்குங்கள். நிறத்தை நம்பாமல் வண்டியின் புத்தகத்தில் எந்த வகை என்று பார்த்து ஊற்றுங்கள்.

கூலண்ட் சரியாக இருந்தால் முள்ளைக் கவனியுங்கள். டவுனுக்குள் ஓரளவு ஏறி, ஹைவேயில் காற்றுப் பட்டதும் இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் 90 டிகிரிப் பக்கம் வரும்வரை ரேடியேட்டருக்குப் போகிற கூலண்ட் வழியை மூடி வைக்க வேண்டிய சாமான் அது. விலை குறைவு, மாற்றிவிடுங்கள்.

முள் நடுவில் நிற்கிறது, ஆனாலும் குளிர்காற்றுதான் வருகிறதா? பானெட்டைத் திறந்தால் என்ஜினிலிருந்து கேபின் சுவருக்குள் போகிற இரண்டு ரப்பர் குழாய்கள் தெரியும். ஃபேன் பெல்ட்டில் கை படாமல், ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். என் முதல் பிக்கப்பில் ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது குளிக்கிற வெந்நீர் மாதிரி. அப்படியென்றால் கோர் அடைத்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்று சொல்லி, என் ஒரு மாத வாடகையைவிட அதிகம் கேட்டார்கள். பேஸ்மென்ட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், "பொறும், முதல்ல கழுவிப் பாப்பம்" என்றார். இரண்டு குழாயையும் கழற்றி, வந்த பழைய கூலண்டை வாளியில் பிடித்தோம். பிறகு தோட்டத்துக் குழாயைக் கூலண்ட் வெளியே வருகிற வழியில் சொருகி, மெதுவான வேகத்தில் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டோம். புளிக்கரைசல் மாதிரி வண்டலாக வந்தது. தெளிந்து வர அரை மணி நேரம் ஆனது. உள்ளே தங்கிய தண்ணீரை ஊதி எடுத்துவிட்டுத்தான் புதுக் கூலண்ட் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் வண்டி மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுசாக வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினோம்.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒழுகலை அடைக்க ஏதோ மருந்து ஊற்றியிருக்க வேண்டும். நம் டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவார்களே, அதே வைத்தியம்தான். ஓட்டையோடு சேர்த்து கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். கோரைக் கழுவுகிற வேலையை அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் தோட்டத்துக் குழாயே உறைந்து கிடக்கும். பழைய கூலண்டைத் தரையில் கொட்டாதீர்கள். தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

இரண்டு குழாயும் நல்ல சூடு, ஆனாலும் உள்ளே குளிர்காற்று என்றால் சூட்டையும் குளிரையும் கலக்கிற கதவை நகர்த்தும் சின்ன மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். காற்றே குறைவு என்றால் கேபின் ஃபில்டர், பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். எலி கூடு கட்டியிருக்கும் வண்டிகளும் உண்டு. தித்திப்பு வாடையும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வந்தால் கோர் ஒழுகுகிறது, அதை மாற்றத்தான் வேண்டும்.

வண்டியைச் சூடேற்றுமுன் புகைக்குழாயை மூடிய பனியை அள்ளிவிடுங்கள். மூடிய கராஜுக்குள் ஓடவிடவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

வாங்கப் போகிற அன்று விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். கால் மணி நேரம் ஓட்டியும் ஹீட்டர் காற்றில் பிடித்த விரல் சூடாகவில்லை என்றால், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வண்டி மூக்கில் பிளக் வயர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். இதைச் சொன்னதும், "அது கரண்ட் வண்டியா மாமா?" என்றான் மருமகன். இல்லைடா, பிளாக் ஹீட்டர், என்ஜினைக் கரண்டில் சூடாக வைக்கிற சாமான். ராத்திரி வீட்டு பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் என்ஜின் முரண்டு பிடிக்காமல் எழுந்துகொள்ளும்.