நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐ எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது, இருபத்தைந்து வருடமாகப் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கும் அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ மறுபடி ரோட்டில் இறக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நியாயமான ஆசைதான். எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து 1985-இல் கொண்டுவந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன டூ ஸ்ட்ரோக் பைக் அது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோ சொச்சம் எடை. இனி அதே வண்டி புதிதாக வரப்போவதில்லை. அதனால் இருப்பதைக் கெடுக்காமல் எழுப்புவது முக்கியம்.

ஓடித் தேய்ந்த வண்டி வேறு, ஓடாமல் கெட்ட வண்டி வேறு. ஓடித் தேய்ந்ததில் இரும்பு குறைந்திருக்கும்: பிஸ்டன், ரிங், பேரிங், செயின். ஓடாமல் நின்றதில் இரும்பு பெரும்பாலும் மிச்சமிருக்கும். ஆனால் ரப்பர் காய்ந்திருக்கும், பெட்ரோல் பிசினாகியிருக்கும், ஈரம் புகுந்த இடமெல்லாம் துரு பிடித்திருக்கும். நின்ற வண்டியை, நேற்றுவரை ஓடி இன்று காலை மக்கர் செய்யும் வண்டியைப் போல நினைத்துக் கை வைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் உதை

வண்டியை வெளியே தள்ளித் தூசி தட்டியதும் யாராவது ஒருவர் கிக்கரில் ஏறி நின்றுவிடுவார். "உதைச்சுப் பாப்போம், உசிரு இருக்கான்னு தெரியும்" என்பார். அந்த ஒரு உதையில் நல்ல சிலிண்டர் பாழாகலாம். இத்தனை வருடத்தில் சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு படிந்திருக்கும், ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டியிருக்கும். பலத்தைக் கொடுத்து உதைத்தால் துரு சுவரைக் கீறும். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் சுவரிலேயே ஜன்னல் போலத் திறப்புகள் இருப்பதால், ரிங் அதன் விளிம்பில் மாட்டி உடையவும் கூடும். இரண்டாம் கியரில் போட்டு நாலு பேர் தள்ளுவது இதைவிட மோசம்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் புகைவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது பெரிய வசதி. என்ஜினைப் பிரிக்காமலே பிஸ்டனின் பக்கவாட்டையும் ரிங்கையும் கண்ணால் பார்த்துவிடலாம். ஹெட்டைக் கழற்றுவதும் பெரிய வேலை இல்லை. உள்ளே துரு தெரியாவிட்டால் மட்டும், என்ஜினின் ஒரு பக்கத்தில், கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டு) முனையில் உள்ள மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவில்லையா, மறுபடி ஊறவிடுங்கள். பிஸ்டன் தலையில் கட்டை வைத்துச் சுத்தியலால் அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். கனெக்டிங் ராடும் கிராங்க்கும் அந்த அடிக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சிலிண்டர் கீறல் விழுந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். அலுமினியத்துக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கும் சிலிண்டர் இது. லேத்தில் போர் போட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி, கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஆனால் பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் போர் போட வேண்டும். லேத்காரரிடம் சிலிண்டரை மட்டும் கொடுத்து "0.25 போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது தவறு. வெவ்வேறு கம்பெனி பிஸ்டன்கள் ஒரே அளவு முத்திரையோடு வந்தாலும் அசல் அளவில் நூலிழை வித்தியாசம் இருக்கும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நம்புவது

என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும் விடப் பெரியது இதுதான். பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வேலை முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே போகின்றன. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்கக் கிராங்க்கின் இரு முனையிலும் ஆயில் சீல் உண்டு. வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் சீலின் உதடு காய்ந்து கெட்டியாகிவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, நிற்காமல் வெள்ளைப் புகை வரும். கிளட்ச் பக்கம் புகையால் காட்டிக்கொடுத்துவிடும். மேக்னட் பக்கம் அப்படி வெளிப்படையாகச் சொல்லாது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் இறங்கத் தயங்கும், ஐடிலிங் தானாக ஏறும், பிளக் வெளுத்திருக்கும். "வண்டி நல்லா சுறுசுறுன்னு இருக்கு" என்று இதையே பாராட்டுகிறவர்களும் உண்டு. பைபாஸில் ஒரு நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதை வெறும் செலவுக் கணக்காகப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே, பத்து வருடத்துக்கு மேல் நின்ற வண்டியில் இரண்டு சீலையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். என்ஜினை முழுதாகப் பிரிக்க நேர்ந்தால் கிராங்க் பேரிங்கையும் அதே கையோடு மாற்றலாம். ஒரு மூலையில் ஈரம் நின்று குழிவிட்ட பேரிங், வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். வேலை முடிந்ததும் கார்புரேட்டர் வாயையும் புகைவாயையும் அடைத்து, சைக்கிள் பம்பும் சிறு பிரஷர் மீட்டரும் வைத்து சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றிச் சில நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கலாம். இந்தச் சோதனையைச் செய்ய மெக்கானிக் சோம்பல்பட்டால் விடாமல் கேளுங்கள்.

பழைய ஸ்டாக் பாகங்களைத் தேடி அலைகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கம்பெனி டப்பா பிரிக்காத பிஸ்டனோ கியரோ கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதே காலத்து ஆயில் சீல், பெட்ரோல் குழாய் போன்றவை டப்பாவுக்குள்ளேயே வயதாகியிருக்கும். இரும்பைப் பழைய ஸ்டாக்கில் வாங்குங்கள், ரப்பரைப் புதிதாக வாங்குங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அதைத் தாங்குகிற ரப்பர் குழாயாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஈயம் கலக்காத பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்கும் என்ற பயம் மட்டும் இங்கே தேவையில்லை. அந்தக் கவலை வால்வு உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உரியது.

ஆர்எக்ஸ் 100-இல் ஆட்டோலூப் என்ற ஆயில் பம்ப் உண்டு. தனி டேங்கிலிருந்து டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) எடுத்து, என்ஜின் வேகத்துக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஏற்ப அதுவே ஊட்டும். அதையும் முதல் நாளே நம்பக் கூடாது. டேங்கில் பழைய ஆயில் கூழாகிக் குழாயை அடைத்திருக்கும். புது ஆயில் ஊற்றினாலும் குழாயில் காற்று நின்றிருந்தால் சொட்டு ஆயில் என்ஜினுக்குப் போகாது. டேங்கையும் குழாயையும் கழுவி, பம்பில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை விட்டு, கேபிள் குறியைச் சரிபார்க்க வேண்டும். பம்ப் வேலை செய்வது உறுதியாகும்வரை பெட்ரோலிலேயே லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில் கலந்து ஓட்டுங்கள். கொஞ்சம் புகை அதிகம் வரும், வரட்டும்.

பெட்ரோல் டேங்க்

காலி டேங்க்தானே என்று நேராக டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோய் கேஸ் வெல்டிங் வைக்கச் சொல்வது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் நிறைந்த டேங்கை விட, பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். வருடக்கணக்கில் காய்ந்த டேங்கிலும் அடியில் உள்ள பிசினைச் சூடாக்கினால் ஆவி கிளம்பும். பலமுறை தண்ணீரால் கழுவி, இந்த வேலை தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

உள்ளே உள்ள துருவுக்கு ஆசிட் ஊற்றுவது இங்கே வழக்கம். ஆசிட் துருவோடு நிற்காது, நல்ல தகட்டையும் தின்னும். ஏற்கெனவே மெலிந்த டேங்கில் ஊசித்துளைகள் விழும். ஊற்றியே ஆக வேண்டுமென்றால் நேரத்தைக் குறைத்து, முடிந்ததும் சோடா உப்புக் கரைசலால் கழுவி, உடனே சூட்டுக் காற்றில் காயவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் மஞ்சள் துரு மறுபடி படிந்துவிடும். நான் சிபாரிசு செய்வது வாஷிங் சோடா கரைசலும் பேட்டரி சார்ஜரும் வைத்துச் செய்யும் மின்பகுப்பு முறை. நெகட்டிவை டேங்கில் கொடுத்து, பாசிட்டிவை டேங்க்கில் படாமல் உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பியில் கொடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வருமாதலால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கார்புரேட்டர் ஜெட்டைச் செப்புக் கம்பியால் குத்துவதும் இதே ரகம்தான். அந்தத் துளையின் அளவுதான் கலவையைத் தீர்மானிக்கிறது, கீறிப் பெரிதாக்கினால் அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

பளபளப்பு

பெயின்ட் விஷயத்தில் அவரவர் விருப்பம். பழைய பீகாக் ப்ளூ பாதி மங்கியிருந்தாலும், அதை அப்படியே பாலிஷ் போட்டு வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும். எப்படியும் பெயின்ட் கடைசி வேலை. பலர் முதலில் பெயின்ட் அடித்து, அப்புறம் என்ஜினை ஏற்றி இறக்கிக் கீறல் விடுகிறார்கள்.

சேசிஸைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது சேசிஸ் நம்பர் உள்ள இடத்தை மறைத்துக் கொடுங்கள். எண்ணின் மேல் பட்டி பூசுவதும் கிரைண்டர் வைப்பதும் கூடவே கூடாது. எஃப்சி-க்குப் போகும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். எண் தெளிவாக விழாவிட்டால், நேர்மையான வண்டிக்கும் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். ஆர்சி முதல் 15 வருடத்தோடு காலாவதியாகி, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டியது. அப்பா பெயரில் இருக்கிறதா, என்ஜின் நம்பர் பொருந்துகிறதா என்பதையெல்லாம் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வின்டேஜ் வண்டி என்று பதிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். 2021-இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்த வயது 2035-இல்தான் வரும்.

என்ஜின் கவர் ஸ்க்ரூக்களில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு வழுக்க விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூ தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் பொருத்தம் வேறு. அதற்கான டிரைவரும் ஒரு இம்பாக்ட் டிரைவரும் வாங்கிவிட்டால் ஸ்க்ரூ தலை மழுங்காது. மேக்னட்டைக் கழற்றவும் புல்லர் என்ற இழுப்புக் கருவிதான், சுத்தியல் அல்ல.

நிற்கிற வண்டியாக்குவது

ஓடுவதற்குச் செலவழிக்கிற கவனத்தில் கால்வாசி கூடப் பிரேக்குக்குப் போவதில்லை. டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூவில் லைனிங் தடிமனாக இருக்கும், "தேயவே இல்லையே" என்று மூடிவிடுவார்கள். லைனிங் ஷூவில் ஒட்டப்பட்டது. பழைய பசை விட்டுப்போனால், ஓடும்போது லைனிங் கழன்று டிரம்முக்குள் ஆப்பு போல மாட்டிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். தேயாவிட்டாலும் மாற்றுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், காற்றடித்துத் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டயரும் அப்படித்தான். பட்டன் இருப்பது பெரிதல்ல, ரப்பர் கல்லாகியிருந்தால் மழையில் பிடிக்காது. முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18 புதிதாகவே எளிதில் கிடைக்கின்றன. ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தால் திறந்தபடியே நின்றுவிடும் என்பதால் எல்லாக் கேபிளையும் மாற்றுவது நல்லது.

சைலன்சரில் அடைந்த கரியை எடுங்கள், சத்தத்துக்காக வெட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் உள்வடிவமும் என்ஜினின் ஒரு பாகம். வெட்டினால் இழுவை குறையும், கார்புரேட்டர் கணக்கும் குலையும்.

போர் போட்ட வண்டியை முதல் 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்ஸிலேட்டரில் இழுக்கக் கூடாது. அதே சமயம் ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டே போவதும் சரியில்லை. வேகத்தை மாற்றி மாற்றி, இடையில் நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும். முதல் நீண்ட பயணமாகக் கொல்லிமலையை யோசிப்பவர்கள் ஏற்றத்தை விட இறக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு என்ஜின் பிடிப்பிலேயே 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் சொற்பமாகப் போகும். நடுநடுவே கிளட்சைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிவிடுங்கள், பாரத்தைப் பிரேக்கும் பகிர்ந்துகொள்ளட்டும்.