சிதறிக் கிடக்கும் குழுவை மாஸ்டடனில் ஒன்றுசேர்ப்பது எப்படி?

மாஸ்டடன் என்பது, தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் (கணக்குகளை வைத்திருக்கும் கணினிகள்) ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம். அதில் ஏதாவது ஒரு சர்வரில் கணக்கு தொடங்கியதும் தமது துறைக்குரிய ஹேஷ்டேக்கைத் தேடிப் பார்த்து, இரண்டே பதிவுகள் கிடைத்ததும், "இங்கே நம்மவர் யாரும் இல்லை" என்று திரும்பிவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுடைய பதிவுகள்தாம் அந்தச் சர்வருக்கு வந்து சேர்ந்திருக்காது. நமது சர்வரில் யாராவது ஒருவர் வேறு சர்வரில் உள்ள ஒரு கணக்கைப் பின்தொடரத் தொடங்கிய பிறகே அக்கணக்கின் பதிவுகள் இங்கே ஒழுங்காக வரும்; பழையவை பொதுவாக வருவதில்லை. ஹேஷ்டேக் தேடலும் வந்து சேர்ந்தவற்றுக்குள் மட்டுமே நடக்கும்.

ஆகவே முதல் வேலை, உறுப்பினர்களின் முழு முகவரிகளை, அதாவது பெயரோடு சர்வரின் பெயரும் சேர்ந்தவற்றை, வரிக்கு ஒன்றாகத் தொகுத்து, அவரவர் ஒப்புதலோடு ஒரு சிஎஸ்வி கோப்பாக (CSV, எளிய எழுத்துப் பட்டியல் கோப்பு) ஆக்குவது. அமைப்புகளில் உள்ள இறக்குமதிப் பக்கத்தில் அக்கோப்பை ஏற்றினால் அனைவரையும் ஒரே முறையில் பின்தொடரலாம். அங்கே இருப்பதோடு சேர்ப்பதா, இருப்பதை அழித்து மாற்றுவதா என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். கவனிக்காமல் இரண்டாவதைச் சொடுக்கி, பல மாதங்களாகத் தேடிச் சேர்த்த பட்டியலை நான் ஒரு நொடியில் இழந்திருக்கிறேன். ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்ட பிறகே இதில் கை வையுங்கள்.

அடுத்தது ஹேஷ்டேக். தமிழில் எழுதுவோருக்கு இதில் தனிச்சிக்கல் உண்டு: #தமிழ்க்கணிமை, #தமிழ்கணிமை இரண்டும் மென்பொருளுக்கு வெவ்வேறு சொற்கள். ஓர் ஒற்றெழுத்தால் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். எது சரி என்ற வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலை முதலில் முடிவுசெய்து, அதை எல்லோரும் தம் முகப்பில் எழுதி வைப்பதே முக்கியம். 2022இல் வந்த 4.0 பதிப்பு முதல் ஹேஷ்டேக்கையே பின்தொடர முடிகிறது. ஆனால் பதிவு 'பொது' நிலையில் இருந்தால்தான் அது ஹேஷ்டேக்கில் தெரியும். எழுதும் பெட்டியில் மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், பொதுக் காலவரிசையில் தமிழை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாமல் போகும்.

விருப்பக்குறி இடுவதைவிட மறுபகிர்வு செய்வதே இங்கு பயன்தரும். விருப்பம் ஒரு பதிவை எங்கும் கொண்டுபோகாது, மறுபகிர்வோ உங்களைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கெல்லாம் அதை எடுத்துச் செல்லும். வேறிடத்தில் கண்ட பதிவுக்குப் பதிலளிக்க, அதன் இணைப்பை நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பதிவு அங்கேயே திறக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் உறுப்பினரை மட்டும் எட்ட முடியவில்லை என்றால், இரு சர்வர்களின் அறிமுகப் பக்கங்களையும் திறந்து, ஒன்றை மற்றொன்று தடுத்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா நிர்வாகிகளும் அப்பட்டியலை வெளியிடுவதில்லை. அப்போது அவர்களிடம் நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.